புதுப்பிப்பு: புது டிவியில் படம் சீரியல் மாதிரித் தெரிவது

எந்தப் படம் போட்டாலும் சீரியல் போல வழுவழுவென்று ஓடுகிறது என்று முந்தின பதிவில் திருகோணமலை ஆட்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். படத்தில் குறையில்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். அவற்றின் இடையில் டிவி தானாகப் பிரேம் செய்து செருகுகிறது, அதனால்தான் அந்த வழுவழுப்பு. இந்த வசதிக்குப் பெயர் எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி: அதை நிறுத்துங்கள். பல டிவிகளில் ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும், பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு கேமரா வேகமாகத் திரும்பும்போது படம் லேசாக வெட்டி வெட்டி ஓடும். அது 24 பிரேமின் இயல்பு, தயவுசெய்து பழகிக்கொள்ளுங்கள்.

ஃபிலிம்மேக்கர் மோட் (படத்தை எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் டிவி அமைப்பு) இருந்தால் இன்னும் நல்லது. திருகோணமலை உப்புவெளிப் பக்கம் பகல் வெளிச்சத்தில் அது இருட்டாகத் தெரியும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, பேக்லைட்டை (திரையின் பின்விளக்கு வெளிச்சத்தை) மட்டும் கூட்டுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் அந்தப் பிரேம் செருகலைப் பழையபடி போடலாம்.