பேர்லௌஹ் சூப் பசை மாதிரி ஆயிடுச்சு, நிறமும் போச்சு… எங்க தப்பு பண்ணேன்?

வாடகைவீடு_வியன்னா:

வணக்கம் மக்களே. வியன்னா வந்து ரெண்டு வருசம் ஆகப்போகுது, ஹுட்டல்டோர்ஃப் பக்கம் குடியிருக்கேன். கீழ் வீட்ல ஒரு பாட்டி தனியா இருக்காங்க, போன வருசம் ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை கதவைத் தட்டி ஒரு கிண்ணம் பச்சை சூப் குடுத்துட்டுப் போனாங்க, குடிச்சதும் அசந்துட்டேன், பூண்டு வாசம் வருது ஆனா பூண்டு இல்ல, கீரை மாதிரியும் இருக்கு, மேல கறுப்பு ரொட்டியை வெண்ணெய்ல வறுத்துப் போட்டிருந்தாங்க. கேட்டா பேர்லௌஹ்னு சொன்னாங்க, காட்டுல வளர்ற, பூண்டு வாசம் அடிக்கிற ஒரு இலையாம். இந்த வருசம் நாமளே செஞ்சு அவங்களுக்குக் குடுக்கலாமேன்னு போன வாரம் ஒரு ட்ரையல் போட்டேன்.

செஞ்சது இதுதான்: உருளைக்கிழங்கு அரை கிலோ, ஒரு வெங்காயம், ரெசிபில க்யூம்மெல்னு போட்டிருந்துச்சு அதனால ஒரு ஸ்பூன் சீரகம், கடைல வாங்கின பேர்லௌஹ் ஒரு கட்டு, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மூடி வச்சு இருபது நிமிசம் வேக வச்சு, ஊர்ல இருந்து கொண்டுவந்த மிக்ஸில நல்லா மூணு சுத்து அரைச்சேன். வந்தது சூப்பே இல்ல, போஸ்டர் ஒட்டுற பசை. நிறம் நேத்து வச்ச முருங்கைக்கீரையை இன்னிக்கு சூடு பண்ண மாதிரி. பூண்டு வாசம் சுத்தமா காணோம், சீரக வாசம் மட்டும் தூக்கலா இருந்துச்சு.

எங்க தப்பு? இன்னொண்ணு, வீட்டுக்குப் பின்னாடி காட்டுல இதே இலை தரையெல்லாம் பாய் விரிச்ச மாதிரி கிடக்கு, கடைல எதுக்குக் காசு குடுக்கணும், பறிச்சுக்கலாம்ல?

மிளகுத்தண்ணி:

சிரிச்சுட்டேன் மன்னிச்சுக்கோங்க, நானும் இங்க ஆஸ்திரியாவுல கிராஸ் ஊருக்கு வந்த புதுசுல இதே பசையைக் காய்ச்சினவன்தான்.

மொதல்ல சீரகம். இங்க வெறும் க்யூம்மெல்னா நம்ம சீரகம் இல்ல. பாக்க அச்சு அசலா சீரகம் மாதிரி இருக்கும், வாசம் வேற, சோம்பு பக்கம் போகும். நம்ம சீரகத்துக்கு இங்க க்ராய்ஸ்க்யூம்மெல்னு பேரு. வெறும் க்யூம்மெல் இவங்க உருளைக்கிழங்கு சூப்புக்குப் போடுறது, பேர்லௌஹ் சூப்புக்குத் தேவையே இல்ல, விட்டுடுங்க.

பசைக்குக் காரணம் மிக்ஸி. வெந்த உருளைக்கிழங்கை வேகமா ரொம்ப நேரம் அரைச்சா உள்ள இருக்கிற மாவுச்சத்து எல்லாம் உடைஞ்சு வெளிய வந்து இழுவையாயிடும். சட்னிக்கு அரைக்கிற மாதிரி அரைக்கக் கூடாது. இங்க ஷ்டாப்மிக்ஸர்னு கையில பிடிச்சு பாத்திரத்துக்குள்ளயே விடுறது இருக்கு பாருங்க, அதுல பத்து இருபது செகண்ட் போதும். அது இல்லன்னா கிழங்கை மட்டும் முதல்ல மத்தால மசிச்சுக்கோங்க, இலையைக் கொஞ்சம் தண்ணியோட தனியா அரைச்சுக் கலந்துக்கோங்க. அப்புறம் அரை கிலோ ரொம்ப ஜாஸ்தி. நாலு பேருக்கு 300 கிராம் போதும், பைல மேலிக்னு எழுதியிருக்கிற கிழங்கா பாத்து வாங்குங்க, அதுதான் மாவாட்டம் உதிரும். ஷ்பெக்கிக்னு இருந்தா அது சாலட் கிழங்கு, வெந்தாலும் கெட்டியா நிக்கும்.

இப்போ நிறம். கீரையை மூடி வைக்காம வேக வைக்கணும்னு அம்மா சொல்லிக் கேட்டிருப்பீங்கல்ல, அதேதான். சூட்டுல இலையில இருந்து ஒரு மாதிரி அமிலம் வெளிய வருது, மூடி போட்டா அது ஆவியோட போகாம உள்ளயே சுத்தி பச்சை நிறத்தைக் கெடுத்துடும். நேரம் ஏற ஏற பழுப்பாயிடும். எலுமிச்சை பிழியுறதா இருந்தாக் கூட தட்டுல ஊத்தின அப்புறம்தான். பூண்டு வாசமும் அதே கதைதான், அது நிக்கிற வாசம் இல்ல, கொதிச்சா பறந்துடும். நீங்க இருபது நிமிசம் வேக வச்சீங்க, கிச்சன் மணந்திருக்கும், சூப் மணந்திருக்காது 😄

நான் பண்றது: ஒரு ஸ்பூன் வெண்ணெய்ல வெங்காயத்தை நிறம் மாறாம வதக்கி, 300 கிராம் கிழங்கைச் சின்னச் சின்னதா வெட்டிப் போட்டு, ஒரு லிட்டர் காய்கறி ஸ்டாக் ஊத்தி கால் மணி நேரம் வேக விடுவேன். வெந்ததும் அரை கப் ஷ்லாக்ஓபர்ஸ், அதான் க்ரீமுக்கு இங்க பேரு, ஊத்தி உப்பு, மிளகு, ஜாதிக்காய் ரெண்டு இழுப்பு துருவல். ஜாதிக்காயை விட்டுடாதீங்க, பாட்டி சூப்ல உங்களுக்குப் புரியாத ஒரு வாசம் இருந்திருக்கும்ல அது இதுவாத்தான் இருக்கும். கடைசியா 100 கிராம் இலையைப் பொடியா நறுக்கிப் போட்டு ஒரே ஒரு நிமிசம், ஒரு கொதி, அடுப்பை நிறுத்தி ஒரு சுத்து அரைச்சு உடனே பரிமாறணும். மறுபடி சூடு பண்ணினா பச்சை போயிடும், அதனால பாட்டிக்குக் குடுக்கிறதா இருந்தா இலையை மட்டும் கடைசி நேரத்துல போடுங்க.

லின்ஸ்_அக்கா:

சமையலைத் தம்பி வடிவாச் சொல்லிப்போட்டார். நான் அந்தக் காட்டு இலைக் கதைக்கு வாறன், ஏனெண்டா அதை ஒருத்தரும் தொடேல்ல.

தம்பி, தயவுசெய்து தெரியாமல் பிடுங்காதேங்கோ. பேர்லௌஹ் மாதிரியே ரெண்டு நஞ்சு இலை அதே நேரத்தில, சில இடங்களில அதுக்குப் பக்கத்திலயே முளைக்கும். ஒண்டு மைக்லொக்ஹன், வெள்ளை மணி மாதிரிப் பூக்கும். மற்றது ஹெர்ப்ஸ்ட்ஸைட்லோஸெ, இதுதான் ஆளைக் கொல்லுறது. பூ ஓகஸ்ட் தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும் வரும், இலை வசந்தத்தில மட்டும் வரும், அதால பூவைப் பாத்துக் கண்டுபிடிக்கேலாது. அதுக்குள்ள இருக்கிறது கொல்ச்சிசின், எங்கட கார்த்திகைப்பூக் கிழங்கில இருக்கிற அதே நஞ்சு. ரெண்டு செடியும் ஒரே குடும்பம். ஊரில அந்தக் கிழங்கைச் சாப்பிட்டால் என்ன நடக்கும் எண்டு சின்னனிலயே எங்களுக்குத் தெரியும், இங்க வந்து அதே நஞ்சைச் சூப்பாக் குடிக்கிறதே? அவிச்சாலும் அது போகாது. குடிச்ச உடனே ஒண்டும் தெரியாது, சில மணித்தியாலம் கழிச்சுத்தான் சத்தி, வயித்தோட்டம் தொடங்கும், மாத்து மருந்தும் இல்லை.

எப்பிடிப் பாக்கிறது எண்டால், பேர்லௌஹ் ஒவ்வொரு இலையும் தனித்தனியாத் தன்ர காம்போட நிலத்தில இருந்து வரும், கீழ்ப்பக்கம் மினுங்காது. மைக்லொக்ஹன் ஒரு தண்டில ரெண்டு இலையா வரும், கீழ்ப்பக்கம் மினுங்கும். ஹெர்ப்ஸ்ட்ஸைட்லோஸெக்குக் காம்பே இல்லை, தடிச்ச இலை ஒரு கொத்தா எழும்பும். மணந்து பாத்தாப் போதும் எண்டு சொல்லுவினம், அது முதல் இலைக்குத்தான் சரி, பிறகு உங்கட விரலே உள்ளி மணக்கும், எதைத் தொட்டாலும் பேர்லௌஹ் மாதிரித்தான் இருக்கும். கைப்பிடி கைப்பிடியா அள்ளாமல் ஒவ்வொரு இலையாப் பாத்துப் பிடுங்கவேணும். சந்தேகம் வந்தால் யோசிக்காமல் வியன்னா நஞ்சுத் தகவல் மையத்துக்கு 01 406 43 43, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம்.

அதோட லோபாவும் லைன்ஸர் டீர்கார்ட்டனும் பாதுகாத்த இடங்கள், அங்க பிடுங்கக் கூடாது.

வாடகைவீடு_வியன்னா:

ஐயோ அக்கா, நல்லவேளை கேட்டேன், நேத்துதான் ஒரு பை எடுத்து மடிச்சு பாக்கெட்ல வச்சிருந்தேன். எங்க ஊர்ப்பக்கம் மூலனூர்ல அதையே கண்வலிக்கிழங்குன்னு வயல்ல விதைக்காகப் பயிரிடுவாங்க, மருந்துக்குப் போகுதுன்னு தெரியும், இதோட சொந்தக்காரன் இங்க இருக்கான்னு தெரியாது. நான் கடைலயே வாங்கிக்கிறேன்.

மிளகுத்தண்ணி:

அக்கா சொன்னதுக்கு ஆயிரம் லைக். என் பங்குக்கு ஒண்ணு, காட்டு இலைன்னா நரி எச்சத்துல இருந்து நாடாப்புழு முட்டை இலைல ஒட்டியிருக்கும்கிற பயம் இங்க எல்லாரும் சொல்லுவாங்க. நல்லா சூடு பண்ணினா முட்டை செத்துடும், சூப்புக்குப் பிரச்சனையில்ல. ஃப்ரீசர்ல வச்சா செத்துடும்னு நினைக்காதீங்க, வீட்டு ஃப்ரீசர் -18 டிகிரி அதுக்குப் பத்தாது, -80 வேணும்.

கறுப்புரொட்டி:

கொஞ்சம் லேட்டா வர்றேன். ஒரு சின்னத் திருத்தம், பாட்டி குடுத்தது வெறும் பேர்லௌஹ் சூப்பா இல்லாம இருக்கலாம். ஈஸ்டருக்கு முந்தின வியாழனுக்கு இங்க க்ரூன்டோனர்ஸ்டாக்னு பேரு, பச்சை வியாழன். அன்னிக்குப் பச்சையா ஏதாவது சாப்பிடணும்கிறது பழக்கம், நிறைய வீட்ல கீரை மசியலும் பொரிச்ச முட்டையும் உருளைக்கிழங்கும்தான். (பச்சைங்கிறது அழுறதுக்கான பழைய சொல்லு ஒண்ணுல இருந்து திரிஞ்சதுன்னும் சிலர் சொல்லுவாங்க, எனக்கு அதுல ஆர்வம் இல்ல, சூப்ல தான்.) கிராமத்துப் பக்கம் ஒம்பது கீரை சூப் வைப்பாங்க. எந்த ஒம்பதுன்னு சட்டமெல்லாம் இல்ல, வீட்டுக்கு வீடு மாறும். என் மாமியார் போடுறது காட்டுல இருக்கிற ப்ரென்நெஸ்ஸெல், தொட்டா செந்தட்டி மாதிரி அரிக்கும், கையுறை போட்டுப் பறிச்சு கொதிதண்ணியில போட்டா சுனை அடங்கிடும், அப்புறம் லோவென்ட்ஸான், அந்த மஞ்சள் பூ செடியோட இளசு இலை, ஸௌவர்ஆம்ஃபர், இது புளிச்சக்கீரை மாதிரி புளிக்கும், ஸ்பினாட், பார்ஸ்லி, ஷ்னிட்லௌஹ்ங்கிற மெல்லிசு வெங்காயத்தாள் மாதிரி இலை, கெர்பெல்ங்கிற வாசனைக் கீரை, டெய்சி இலை, ஒரு பிடி பேர்லௌஹ். உருளைக்கிழங்கு போட மாட்டாங்க, வெண்ணெய்ல மாவு வறுத்து அதுலதான் கெட்டி பண்ணுவாங்க. ஈஸ்டர் மார்ச் கடைசில வந்தா பாதி செடி முளைச்சே இருக்காது, 2024-ல அப்படித்தான் ஒம்பதுக்குப் பதிலா ஆறுல நின்னுச்சு, எண்ணிக்கைக்குக் கடைல வெங்காயத்தாள் வாங்கிப் போட்டாங்க, யாரும் எண்ணல.

வெஜிடேரியனா இருந்தா ஒண்ணு கவனிங்க, ஹோட்டல்ல கீரை சூப்னு போட்டிருந்தாலும் அடித்தண்ணி ரிண்ட்ஸுப்பெயா, அதாவது மாட்டெலும்பு சூப்பா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.

வாடகைவீடு_வியன்னா:

நேத்து செஞ்சேன். 300 கிராம் கிழங்கு, சீரகம் இல்ல, ஷ்டாப்மிக்ஸர் பக்கத்து ரூம் பையன்கிட்ட கடன் வாங்கினேன். நிறம் வந்துடுச்சு மக்களே, பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. ஜாதிக்காயை ரெண்டு இழுப்புக்கு மேல போட்டுட்டேன்னு நினைக்கிறேன், லேசா கசந்துச்சு. பாட்டிகிட்ட ஒரு கிண்ணம் கொண்டுபோனேன், ஒரு ஸ்பூன் குடிச்சுட்டு நல்லாருக்கு, உப்பு கம்மின்னாங்க. உங்க சூப்ல என்னென்ன கீரை போட்டீங்கன்னு கேட்டேன், விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சாங்க, ஏழுல நிறுத்திட்டு மீதி ரெண்டு காட்டுல என்ன கிடைக்குதோ அதுன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை கூட வா, காட்டுறேன்னு சொல்லியிருக்காங்க. லின்ஸ் அக்கா, நான் பை மட்டும்தான் தூக்கிட்டுப் போவேன், பறிக்கிறது அவங்கதான்.