சூரியகாந்தி விதை கிளிக்கு இயற்கை உணவா?

கிளிப்பித்தன்:
"பெல்லட் (ஆலையில் தயாராகும் கிளித்தீவன உருண்டை) எல்லாம் ரசாயனம்; என் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குச் சூரியகாந்தி விதை மட்டுமே தருகிறேன், அதுவே இயற்கை உணவு" என்று நண்பர் வேலன் நேற்று எழுதியதைப் படித்தபின் என்னால் வாளாவிருக்க முடியவில்லை. சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்கா. காங்கோ, கேமரூன் காடுகளில் எண்ணெய்ப்பனைப் பழம் தின்று வாழும் பறவை சூரியகாந்தியை எங்கே கண்டது? அந்தப் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம்.

வேலன்:
எண்ணெய்ப்பனையில் கொழுப்பு இல்லையோ? தாங்கள் அழைத்துவந்த சாட்சி எனக்கே சாதகமாகப் பேசுகிறது. சூரியகாந்தி மண்ணில் விளைகிறது, ஆகவே அது இயற்கை. கிண்ணம் நிறைய விதை இருப்பதால் என் கிளி நாள் முழுவதும் சீட்டியடிக்கிறது.

கிளிப்பித்தன்:
அந்தப் பழத்தின் செந்நிறச் சதையில் இருக்கும் கரோட்டினைக் கிளியின் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். சூரியகாந்தியில் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? மேலும், காட்டுக்கிளி இரைதேடிப் பல கிலோமீட்டர் பறந்து கொழுப்பை எரிக்கிறது. தங்கள் கிளியோ ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்குத் தாவுகிறது. கிண்ணம் நிறைந்திருக்கிறது என்கிறீர்களே, ஒருமுறை ஊதிப் பாருங்கள். பாதிக்கு மேல் உமியாகவே பறக்கும். அதன் மேலண்ணத்தில் முள்போல வரிசையாக நிற்கும் சிறு முனைகள் மழுங்கியிருந்தால், வைட்டமின் ஏ குறைவு என்று பறவை மருத்துவர் சந்தேகிப்பார். சுண்ணாம்புச் சத்துக் குறைந்து வலிப்பு வருவதும் இந்த இனத்தில் அதிகம். முருங்கைக்கீரை, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி, முளைகட்டிய பச்சைப்பயறு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, சூரியகாந்தியைப் பழக்கும்போது தரும் பரிசாக வைத்துக்கொள்ளுங்கள்.

செல்லம்மாள்:
எங்கள் பாட்டி பச்சைக்கிளிக்குக் கோவைப்பழமும் மிளகாய்ப்பழமும் பால்சோறும் கொடுத்தார். அந்தக் கிளி வருவோரையெல்லாம் உறவுமுறை சொல்லி அழைத்தது. கரோட்டின் என்ற பெயரைப் பாட்டி கேட்டதே இல்லை.

கிளிப்பித்தன்:
அம்மா, பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதையே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கோவைப்பழம் நல்லது, மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. பால்சோறுதான் தவறு, பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லை.

செல்லம்மாள்:
மறைந்த என் பாட்டியின் மீது வழக்குத் தொடுக்கும் எண்ணம் இருக்கிறதா?

வேலன்:
மீன்தொட்டி விவாதத்திலும் இவர் இப்படித்தான் எல்லோருக்கும் வாத்தியார் வேலை பார்த்தார். ஐயா, தங்களுக்குப் பெல்லட் வணிகம் ஏதும் உண்டா?

கிளிப்பித்தன்:
பெல்லட்டை ஆதரித்து நான் ஒரு வரியும் எழுதவில்லை; முருங்கைக்கீரை எந்த ஆலையில் தயாராகிறது என்று கூறுங்கள். மீன்தொட்டி விவாதத்தில் பாதியில் காணாமற்போனவர் யார் என்பது இங்குள்ளோர்க்குத் தெரியும்.

வேலன்:
காணாமற்போகவில்லை, வெளியூர் சென்றிருந்தேன். சூரியகாந்தி மண்ணில் விளைகிறது என்பதற்கு இதுவரை மறுப்பு வரவில்லை.

கிளிப்பித்தன்:
எட்டியும் மண்ணில்தான் விளைகிறது. கிண்ணத்தை ஊதியபின் படம் எடுத்து இங்கே இடுங்கள்.

வேலன்:
என் கிளியின் கிண்ணத்தைத் தங்களுக்குக் காட்ட வேண்டிய கடமை எனக்கில்லை.