தெருக்குழு: படிச்சதும் கேட்டதும்

சண்முகம் சார்: எல்லோருக்கும் வணக்கம். மாதக் கடைசி சனிக்கிழமை. யார் என்ன படித்தீர்கள், என்ன பாட்டு கேட்டீர்கள் என்று எழுதுங்கள். பூப்படம், ஃபார்வர்டு எதுவும் இன்று வேண்டாம்.

செண்பகம் அத்தை: 🌹🌹 இனிய இரவு வணக்கம்

கார்த்தி: அத்தை 😀

செண்பகம் அத்தை: இது பூப்படம் இல்லைடா, பூ.

கார்த்தி: சரி, நானே ஆரம்பிக்கிறேன் சார். கி.ரா., அதாவது கி. ராஜநாராயணன் எழுதிய கோபல்ல கிராமம் நாவல். ஹாஸ்டலுக்குப் போகிற பஸ்ஸில் எடுத்தேன், இறங்கவே மனசு வரவில்லை. ஆரம்பத்திலேயே ஒரு கொலை. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி தண்ணீர் குடிக்க இறங்குகிறாள். அவள் காதில் கிடக்கும் நகைக்காக ஒருத்தன்...

ராஜி அக்கா: டேய் நிறுத்து. நான் இன்னும் படிக்கவில்லை.

கார்த்தி: அக்கா, இது தொடக்கம்தான். அவன் எப்படி மாட்டுகிறான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைச் சொல்லமாட்டேன். கால் கட்டைவிரல் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ராஜி அக்கா: அப்புறம் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

சண்முகம் சார்: கொலையை விடு தம்பி. மங்கத்தாயாரு அம்மாளைப் பற்றிச் சொல்.

கார்த்தி: அந்தப் பாட்டிக்கு 137 வயது சார்! தெலுங்குச் சீமையிலிருந்து கூட்டமாகத் தப்பி வந்த கதையை அவள்தான் சொல்கிறாள். ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நிற்கிறார்கள், கரையில் நிற்கும் மரம் வளைந்து கொடுக்கிறது. நான் என்ஜினியரிங் படிக்கிறவன். இது நடக்குமா என்று கேட்கத் தோன்றவே இல்லை. அவள் சொல்கிற தோரணை அப்படி.

செண்பகம் அத்தை: எங்கள் ஆச்சியும் மரம் வளைந்த கதை சொல்லியிருக்கிறாள். ஆறு வேற, பெண்ணின் பெயர் வேற. அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் பொங்கல்கூட வைப்பார்கள்.

சண்முகம் சார்: செண்பகம், அதைத் தனியாக எழுதி அனுப்பு. கி.ரா. இருந்திருந்தால் உன் வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்கார்ந்திருப்பார். கார்த்தி, கோபல்ல கிராமம் 1976இல் வந்தது. அதன் தொடர்ச்சி கோபல்லபுரத்து மக்கள். 1991இல் சாகித்ய அகாதெமி விருது அதற்குத்தான். ஆனால் எனக்கு முதல் நாவல்தான் பெரிது. இரண்டாவதில் கதை நடுவில் செய்தித்தாள் மாதிரி ஆகிவிடுகிறது.

பாத்திமா டீச்சர்: சார், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுதந்திரப் போராட்டம் ஒரு கரிசல் கிராமத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று வேற யார் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறார்கள்? பம்பாய்க் கடற்படைக் கலகம் வரைக்கும் வருகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பாடப்புத்தகத்தோடு அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சண்முகம் சார்: நீங்கள் சரித்திர டீச்சர். உங்களுக்குப் பிடிக்கத்தான் செய்யும்.

பாத்திமா டீச்சர்: 😀😀

மாடி வீட்டு மாமா: நாளைக் காலை குடிதண்ணீர் விடுகிறார்களா?

ராஜி அக்கா: அது அந்தக் குழுவில் கேளுங்கள் மாமா. இது இந்தக் குழு.

மாடி வீட்டு மாமா: சரி. ஆனால் விடுகிறார்களா?

ராஜி அக்கா: ஆறு மணிக்கு.

ராஜி அக்கா: இப்போது என் முறை. எனக்குப் புத்தகத்தை விரித்து உட்கார நேரம் ஏது? தைத்துக்கொண்டே போனில் கதை கேட்கிறேன். இந்த வாரம் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' சிறுகதை. சின்னப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துப் படத்தைக் காட்டி நீயா நானா என்று மல்லுக்கட்டுவதில் ஆரம்பிக்கிறது. சிரித்துக்கொண்டே பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தீபாவளிக்கு முந்தின ராத்திரி, யாரென்றே தெரியாத ஒரு பையன் வாசலில் நிற்கிறான். அனாதை, உடம்பெல்லாம் சிரங்கு. தாயம்மாள் அவனையும் தன் பிள்ளைகளோடு உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். அந்த இடத்தில் மெஷினை நிறுத்திவிட்டேன். கால் மிதிக்கவே வரவில்லை.

செண்பகம் அத்தை: அது என் ஜாக்கெட் இல்லையே?

ராஜி அக்கா: உங்களுடையதுதான் அத்தை. கை மட்டும் பாக்கி.

சண்முகம் சார்: நல்ல கதை, மறுபேச்சே இல்லை. ஆனாலும் ராஜி, காதால் கேட்டதைப் படித்த கணக்கில் சேர்க்க முடியாது. அழகிரிசாமியின் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு, திரும்பவும் மேலே போய்ப் பார்க்க வேண்டும். இந்த மனுஷன் ஒரு அலங்காரமும் பண்ணாமல் எப்படி இதைச் செய்தான் என்று. கேட்கிறவர்களுக்கு அதற்கு ஏது வழி? போனில் வாசிக்கிறவன் அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போய்விடுவான்.

ராஜி அக்கா: நானும்தான் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்டேன் சார். அந்தச் சின்னப் பெண் மங்கம்மாள் கடைசியில் பணக்கார வீட்டுப் பையனிடம் சொல்கிறாளே, அதை எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது.

பாத்திமா டீச்சர்: நான் ராஜி கட்சி சார். கேட்பதற்கென்றே பிறந்த எழுத்து இது. கி.ரா. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குத்தான் ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னவர். அப்படிப்பட்ட மனுஷரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலி கொடுத்தது. காதில் விழுந்த பேச்சை அப்படியே காகிதத்தில் இறக்கத் தெரிந்ததால்தானே? அதைத் திரும்பக் காதுக்கே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கார்த்தி: 👏👏

சண்முகம் சார்: கை தட்டாதே, யோசிக்கிறேன்.

சண்முகம் சார்: டீச்சர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. கி.ரா. 1922, அழகிரிசாமி 1923. இரண்டு பேருக்கும் இடைசெவல்தான் ஊர், நம் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற சின்னக் கிராமம். இரண்டு பேருக்கும் அகாதெமி விருது. அதைவிட முக்கியம், இரண்டு பேரும் சங்கீதப் பைத்தியங்கள். விளாத்திகுளம் சுவாமிகள் ஒரு ராகத்தை எடுத்தால் பாட்டே இல்லாமல் மணிக்கணக்கில் பாடுவாராம். அவர் பின்னால் சுற்றியவர் கி.ரா. அழகிரிசாமியோ அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்து, அவர் வரலாற்றையும் எழுதியவர். ரெட்டியார் 26 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் கழுகுமலை முருகன் இருக்கிற வரைக்கும் அந்தச் சிந்து இருக்கும். இவர்களுடைய உரைநடையில் ஒரு நடை இருக்கிறதென்றால் அது அங்கேயிருந்து வந்தது. ராஜி, கேட்டதையும் சேர்த்துக்கொள். என் ஆட்சேபணையைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

ராஜி அக்கா: பாதியா!

ரேடியோ செட் அண்ணாச்சி: சங்கீதம் என்று பேச்சு வந்துவிட்டதால் நானும் உள்ளே வருகிறேன். புஸ்தகம் எனக்கு ராசி இல்லை. பாட்டு சொல்கிறேன். பழைய இசைத்தட்டுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கொஞ்சும் சலங்கை கிடைத்தது. சிங்கார வேலனே தேவா. 1962ஆம் வருஷத்துப் படம். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஜானகி அம்மா குரல், நம்ம காருகுறிச்சியார் நாயனம், அதாவது நாதஸ்வரம்.

கார்த்தி: அண்ணாச்சி, படத்தில் ஜெமினி கணேசன் நாயனம் வாசிப்பாரே, அதுதானே?

ரேடியோ செட் அண்ணாச்சி: அவர் வாயில் வைத்திருப்பார் தம்பி. ஊதியது காருகுறிச்சி அருணாசலம். சாவித்திரிக்குக் குரல் ஜானகி. பாட்டுக்கு முன்னால் ஜெமினி பேசுகிற வசனத்தை விட்டுவிட்டு நேராகப் பாட்டைப் போட்டால் கல்யாண வீட்டில் சண்டைக்கே வருவார்கள்.

செண்பகம் அத்தை: எங்கள் கல்யாணத்தில் போட்டார்கள். வசனத்தோடு.

ரேடியோ செட் அண்ணாச்சி: எங்கள் அப்பா செட்டுதான் அது.

ரேடியோ செட் அண்ணாச்சி: ஒன்று மட்டும் கவனித்துக் கேளுங்கள். நாயனம் கோவில் பிராகாரத்தில் ஊதுகிற சாதனம். மைக்கே வேண்டாம், தெருமுனை வரைக்கும் கேட்கும். பொம்பளைக் குரலோ மெல்லிசு. இரண்டையும் ஒன்றாக விட்டால் குரல் அமுங்கிப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காருகுறிச்சியார் மூச்சை எப்படிப் பிடிக்கிறார் பாருங்கள். ஜானகி ஒரு சங்கதி போட்டு நிறுத்துகிற இடத்தில் அதே வழவழப்போடு எடுக்கிறார். கடைசியில் ஸ்வரம் மாற்றி மாற்றி வரும். வேகம் கூடக்கூட, எது குரல் எது நாயனம் என்று ஒரு கணம் பிடிபடாது. நாற்பது வருஷமாக செட் போடுகிறேன், அந்த இடத்தில் மட்டும் வால்யூமில் கை வைக்கமாட்டேன்.

பாத்திமா டீச்சர்: அண்ணாச்சி, இதையே எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம்.

சண்முகம் சார்: ஆபேரி ராகம். காருகுறிச்சியார் பிறந்தது 1921, போனது 1964. நாற்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். பிள்ளைவாள் தெற்கே ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வந்தபோது கூட வாசிக்க ஆள் வராமல் போக, இந்தப் பையனை உட்காரவைத்துப் பார்த்து, பிறகு கையோடு கூட்டிக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். பிற்பாடு நம் கோவில்பட்டியில்தான் வந்து குடியிருந்தார். லலிதா ராம் எழுதிய 'காருகுறிச்சியைத் தேடி' என்ற புத்தகம் என்னிடம் இருக்கிறது. அண்ணாச்சிக்கு ராசி இல்லாவிட்டாலும் இதை மட்டும் படிக்க வேண்டும்.

ரேடியோ செட் அண்ணாச்சி: படம் இருக்கிறதா?

சண்முகம் சார்: இருக்கிறது.

ரேடியோ செட் அண்ணாச்சி: அப்போ கொடுங்கள்.

கார்த்தி: இந்த நாயனம் எங்கே செய்கிறார்கள்?

ரேடியோ செட் அண்ணாச்சி: கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரம். புது மரம் ஆகாது, பழைய வீட்டைப் பிரித்தால் கிடைக்கிற உத்தரம், தூண் இதைத்தான் தேடி வாங்குவார்கள். முந்தி திமிரி நாயனம்தான், குட்டையாக இருக்கும், சுருதி ஏற்றம். ராஜரத்தினம் பிள்ளைதான் நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். சுருதி இறங்கியது, சுகம் கூடியது.

சண்முகம் சார்: 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

செண்பகம் அத்தை: நம்ம கடலை மிட்டாய்க்கு அதற்கு முன்னாடியே கிடைத்துவிட்டது.

கார்த்தி: 2020 அத்தை. நாம்தான் சீனியர்.

பாத்திமா டீச்சர்: நான் இன்னும் என் கணக்கைச் சொல்லவில்லை. தோப்பில் முஹம்மது மீரானின் சாய்வு நாற்காலி, இரண்டாவது வாசிப்பு. முஸ்தபாக்கண்ணு என்று ஒரு மனுஷன், பழைய பெருமையைப் பேசிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். வீட்டிலிருக்கும் மரச்சாமானை ஒவ்வொன்றாக விற்று விதவிதமாகச் சாப்பிடுகிறார். முதல் தடவை படித்தபோது சிரித்தேன். இந்தத் தடவை அந்த வீட்டுப் பெண்கள் படுகிற பாடு மட்டும்தான் கண்ணில் பட்டது. மொழி குமரிக்கடற்கரை முஸ்லிம் பேச்சு. நமக்கே சில பக்கம் தட்டும், விடாமல் போனால் பழகிவிடும். இது 1997இல் அகாதெமி விருது வாங்கிய நாவல்.

பாத்திமா டீச்சர்: பாட்டு என்றால் நாகூர் ஹனீபாதான். அதில் என்ன புதுசு என்று கேட்காதீர்கள். இறைவனிடம் கையேந்துங்கள் பாட்டை இந்தத் தடவை ஹெட்போனில் கேட்டேன். ஸ்பீக்கரில் கேட்டே பழகிய குரல். உச்சத்துக்குப் போகும்போதுகூடக் கத்தாமல் நிற்கிறார், வார்த்தை ஒன்றும் சிதையவில்லை.

ரேடியோ செட் அண்ணாச்சி: எந்தக் கோவில் கொடைக்குப் போனாலும் ஹனீபா என் பெட்டியில் இருப்பார் டீச்சர். யாராவது ஒரு பெரியவர் வந்து கேட்டுவிடுவார்.

கார்த்தி: சார், நான் ஒரு புதுப் பாட்டு சொன்னால் திட்டக்கூடாது. என்ஜாயி எஞ்சாமி. 2021இல் வந்தது. தீ, அறிவு என்று இரண்டு பேர் பாடியது, சந்தோஷ் நாராயணன் இசை.

சண்முகம் சார்: பேத்தி போட்டுக் கேட்டிருக்கிறேன். என்ன சத்தம் அது!

கார்த்தி: சத்தம்தான் சார். அடியில் ஒப்பாரி மெட்டு ஓடுகிறதா இல்லையா என்று பாருங்கள். அறிவின் பாட்டி தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அவர் சொன்ன கதைகளிலிருந்து பிறந்த பாட்டு. காட்டைத் திருத்தி, மரம் நட்டு, மண்ணைப் பண்படுத்தியவனுக்கு நிலம் இல்லை. நான் அதைக் கேட்ட வாரத்தில்தான் சோ. தர்மனின் சூல் நாவல் படித்தேன். கண்மாயைக் காப்பாற்றியவர்கள் யார், அதைப் பாழாக்கியவர்கள் யார் என்று ஊர் ஊராகக் கேட்கத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே வழக்குதான். ஒன்றை ஆடிக்கொண்டே கேட்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சண்முகம் சார்: சூலையும் அதையும் ஒன்றாக வைத்துப் பேசுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. லிங்க் அனுப்பு.

கார்த்தி: 🔥🔥🔥 சாரே கேட்டுவிட்டார்!

ராஜி அக்கா: அத்தை, நீங்கள் பூ வைத்ததோடு சரியா? என்ன படித்தீர்கள்?

செண்பகம் அத்தை: லைப்ரரியில் கி.ரா. புத்தகம் ஒன்று கேட்டேன். அந்தப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் பதிவு போட்டான்.

சண்முகம் சார்: எந்தப் புத்தகம்?

செண்பகம் அத்தை: வயது வந்தவர்களுக்கு மட்டும்.

பாத்திமா டீச்சர்: 🙈🙈🙈

கார்த்தி: அத்தை!!!

செண்பகம் அத்தை: எனக்கு அறுபத்திரண்டு. இன்னும் எவ்வளவு வயது வரணும்? அதில் இருப்பதெல்லாம் களை எடுக்கப் போகிற இடத்தில் நாங்கள் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்ட கதைதான். ஆம்பளைகள் புஸ்தகமாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரெண்டு கதை இன்னும் நன்றாகச் சொல்லலாம்.

சண்முகம் சார்: அது முழுக்க நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு. ஆபாசம் என்று திட்டியவர்கள் உண்டு. ஜனங்கள் சொல்வதை மறைத்துவிட்டு அகராதி போட முடியாது என்று நினைத்தவர் அவர். செண்பகம், அந்த ரெண்டு கதையை மட்டும் குழுவில் போட வேண்டாம்.

ராஜி அக்கா: எனக்குத் தனியாகச் சொல்லுங்கள் அத்தை.

பாத்திமா டீச்சர்: எனக்கும்.

மாடி வீட்டு மாமா: 👂

ராஜி அக்கா: சரி, அடுத்த மாதத்துக்கு எனக்குச் சூல் வேண்டும். யாராவது பிடிஎஃப் வைத்திருக்கிறீர்களா?

சண்முகம் சார்: பிடிஎஃப் கேட்காதே ராஜி. எழுதியவர் உருளைகுடிக்காரர், பக்கத்து ஊர். காசு கொடுத்து வாங்கு, இல்லையென்றால் இரவல் வாங்கு.

கார்த்தி: என்னுடையது ஹாஸ்டலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரும்போது எடுத்துவருகிறேன் அக்கா. மெஷின் எண்ணெய் படாமல் திருப்பிக் கொடுக்கணும்.

ராஜி அக்கா: நீ முதலில் கொண்டுவா. கதையை மட்டும் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகாதே.