ஆறு மாத மாத்திரையும் ஈடித் சோடர்கிரானும்

டி.பி. என்று உறுதியான வாரம் ஒரு தோழி, பின்லாந்தின் ஸ்வீடிஷ் மொழிக் கவிஞர் ஈடித் சோடர்கிரானின் சில கவிதைகளை அனுப்பினாள். "உன் வியாதிதான் இவளுக்கும், படி" என்று ஒரு வரி. கோபம்தான் வந்தது.

எனக்கு ஆறு மாத மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டேன். ஈடித் சோடர்கிரானுக்கு அந்த மாத்திரைகூடக் கிடையாது. 1907இல் அப்பாவைக் காசநோய் கொண்டுபோனது. அவர் இருந்த அதே நும்மெலா சானடோரியத்துக்கு (பின்லாந்தில் காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனை) பதினாறு வயதில் இவரும் போனார். அப்புறம் சுவிட்சர்லாந்தில் தாவோஸ். நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, அன்றைய வைத்தியம் அவ்வளவுதான். காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில். இவர் 1923லேயே, 31 வயதில் போய்விட்டார்.

சரி, இருமலும் படுக்கையுமாக இருக்கும் என்றுதான் கவிதைகளைத் திறந்தேன். 1916இல் வந்த முதல் தொகுப்பில் ஒரு கவிதை, தான் பெண்ணே அல்ல என்று எடுத்த எடுப்பில் சொல்கிறது. எதுகை கிடையாது, கட்டுக்கோப்பான சந்தமும் கிடையாது. பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, ஜெர்மன் பள்ளியில் படித்து, ஜெர்மனில் எழுத ஆரம்பித்து, பிறகு வீட்டு மொழியான ஸ்வீடிஷுக்கு வந்தவர். பின்லாந்தின் ஸ்வீடிஷ் கவிதையில் நவீனம் தொடங்கியதே இவரிடமிருந்துதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது 1918 தொகுப்பின் முன்னுரை. தன் அளவு தனக்குத் தெரிந்துவிட்டது, அதைவிடச் சின்னதாகக் காட்டிக்கொள்வது தனக்கு அழகல்ல என்கிறார். பத்திரிகைகள் கிண்டலடித்தன. இத்தனைக்கும் ரஷ்யப் புரட்சியில் குடும்பச் சொத்து போய், ரைவோலா கிராமத்தில் அம்மாவோடு வறுமையில் இருந்த நேரம் அது! அந்தத் தொகுப்பைக் குறைசொன்ன விமர்சகர் ஹாகர் ஓல்சன்தான் பிறகு நெருங்கிய தோழியானார். மிச்சக் கவிதைகள் சோடர்கிரான் இறந்த பிறகு, 1925இல் வெளிவந்தன.

மூன்றாம் மாதம், எடை பார்க்கும் வரிசையில் உட்கார்ந்து அந்த முன்னுரையைப் படித்தேன். முகக்கவசத்துக்குள் மூச்சு புழுங்கியது. என் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலி. நானும் பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன், காலை நீட்டினேன்.

சோடர்கிரானிடம் ஒரு கேமரா இருந்தது. ரைவோலாவின் தோட்டத்தையும், டோட்டி என்ற பூனையையும் படமெடுத்திருக்கிறார். அன்று இரவு தோழிக்குப் பதில் எழுதினேன்: "வியாதியை விடு, பூனையைப் பற்றி ஏன் சொல்லவில்லை?"