பழைய லுட்விக் டிரம் செட்: 13 இன்ச்சில் புது ஹெட் உட்காரவில்லை, 16 இன்ச் கிர்ருங்குது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அரைத்தாளம்:
வணக்கம். கையில் இருப்பது 22-13-16 இன்ச் லுட்விக் (பாஸ் டிரம், டாம், ஃப்ளோர் டாம்). கீஸ்டோன் வடிவ பிராண்ட் பேட்ஜ், ஷெல்லுக்கு (மர உருளை) உள்ளே சாம்பல் நிறப் பூச்சு, மேலும் கீழும் ரீ-ரிங் (உள்ளே ஒட்டிய மர வளையம்). வெளியே வெள்ளை முத்து ராப் (ஷெல்லைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்டிக் உறை), நன்றாக மஞ்சளடித்துவிட்டது. பிரச்சினைகள் இவை: 13 டாமில் புது ஹெட் (தட்டும் தோல்) பாதியில் சிக்கிக்கொள்கிறது. 16 ஃப்ளோர் டாமை மெதுவாகத் தட்டினாலே கிர்ர் என்று ஓர் அதிர்வு. 13-ன் ராப் ஜாயின்ட் நாலு செ.மீ. நீளத்துக்குப் பெயர்ந்து நிற்கிறது. பாஸ் டிரம்மில் இரண்டு டி-ராட் (ஹெட்டை இறுக்கும் T வடிவத் திருகு) துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கின்றன. பேரிங் எட்ஜை (ஹெட் உட்காரும் ஷெல் விளிம்பு) புதிதாக வெட்டிவிட்டால் முதல் இரண்டும் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். உண்மையா?

ரவுட்டர்கை:
வெட்டிவிடுங்கள் ப்ரோ. 45 டிகிரியில் சுத்தமாக ஒரு எட்ஜ் போட்டால் ட்யூனிங் சட்டென்று நிற்கும். பழைய எட்ஜை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது வீண்.

பழையஷெல்:
தயவுசெய்து ரவுட்டரை (மரம் வெட்டும் மெஷின்) எடுக்காதீர்கள். வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த ஷெல்களில் எட்ஜ் கொஞ்சம் உருண்டையாகத்தான் வரும். அந்தக் கதகதப்பான சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். கூர்மையாக வெட்டினால் ஹெட் மரத்தைத் தொடும் பரப்பு குறைந்து சத்தம் பளிச்சென்று மாறும். நாளைக்கு விற்கப் போனால், பூச்சில்லாத புது மரத்தைப் பார்த்ததுமே வாங்குபவர் விலையைக் குறைப்பார். அதோடு, ஹெட் உள்ளே இறங்காததற்கும் எட்ஜின் கோணத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது ஷெல்லின் வெளிச்சுற்றளவுப் பிரச்சினை.

தையல்காரர் டேப்பால் 13 டாமைச் சுற்றி அளந்து, வந்ததை 3.14-ஆல் வகுங்கள். 13 இன்ச் என்பது 330.2 மி.மீ. இப்போது வரும் ஷெல்கள் அதைவிட ஏறக்குறைய 3 மி.மீ. குறைவாக இருக்கும், அதாவது சுற்றளவு 1027 மி.மீ. பக்கம். அந்தக் காலத்து அமெரிக்க ஷெல்களில் சில இதைவிடப் பருமன், மேலே தடித்த ராப் வேறு. ஹெட் ஷெல்லைச் சுற்றித் தளர்வாக மிதக்க வேண்டும். ஓர் இடத்தில் பிடித்தாலும் எத்தனை ட்யூன் செய்தாலும் நிற்காது. மேல் விளிம்பில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, ராப் ஜாயின்ட் பக்கத்தில் தனியாக ஒரு முறை அளந்து சொல்லுங்கள். நான்கு திசையிலும் விட்டத்தை எடுத்து ஷெல் முட்டை வடிவமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் கவலை வேண்டாம், ஹெட்டும் அதைப் பிடிக்கும் வளையமான ரிம்மும் ஏறினால் ஷெல் பெரும்பாலும் வட்டத்துக்கு வந்துவிடும்.

எட்ஜைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் தட்டையான தடித்த கண்ணாடி மேல் ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே ஒரு விளக்கை வைத்து, அறையை இருட்டாக்கிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் சாதாரண பிரிண்டர் தாளைச் செருகுங்கள். ஒரு தாள் (சுமார் 0.1 மி.மீ.) நுழைந்தால் விட்டுவிடலாம். இரண்டு தாள் சேர்த்து நுழைந்தால்தான் கை வைக்க வேண்டும், அதுவும் உப்புத்தாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

லக்ஸ்பிரிங்:
16-ன் அதிர்வுக்கு என் முதல் சந்தேகம் லக்குக்குள் (ராட் ஏறும் உலோகப் பிடி) இருக்கும் ஸ்பிரிங் மீதுதான், அடுத்தது உள்ளே இருக்கும் மஃப்ளர் (சத்தத்தை அடக்கும் ஃபெல்ட்). ஊகித்துக்கொண்டே இருக்க வேண்டாம். இரண்டு ஹெட்டையும் கழற்றி, கால் பிராக்கெட், மஃப்ளர், லக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எந்தத் திருகு எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு டேப் துண்டில் எழுதி ஒட்டி வையுங்கள். வெறும் ஷெல்லை விரலில் தொங்கவிட்டு முஷ்டியால் தட்டுங்கள். வெறும் மரமே கிர்ருங்கினால் குற்றவாளி மரம்தான். சுத்தமாக ஒலித்தால் உதிரிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிப் பூட்டித் தட்டுங்கள், சத்தம் எப்போது திரும்புகிறது என்று தெரிந்துவிடும். காற்றோட்டம் விடும் ஓட்டையின் வளையம், பேட்ஜ் இரண்டையும் விரலால் அழுத்திக்கொண்டும் ஒரு முறை தட்டிப் பாருங்கள், அவை தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான். ஸ்பிரிங் என்றால் அதைச் சுற்றி மெல்லிய ஃபெல்ட் துண்டு போதும். ஸ்பிரிங்கைத் தூக்கி எறியாதீர்கள்.

பக்கத்தில் ஸ்னேர் டிரம் இருந்தால் அதன் அடியில் உள்ள கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் இந்தச் சோதனை! ஸ்னேர் கம்பி எதற்கெடுத்தாலும் சேர்ந்து ஆடும்.

டி-ராட்: முறுக்கி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். லக் துத்தநாக வார்ப்பு, விண்ணென்று வெடித்துவிடும். லக்கின் வாயில், மரை தெரியும் இடத்தில், ஊடுருவும் எண்ணெய் சில சொட்டு விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் தள்ளி, பிறகு கழற்றும் பக்கம். நகராவிட்டால் மற்ற ராடுகளைக் கழற்றி, ஷெல்லுக்கு உள்ளிருந்து அந்த லக்கின் இரண்டு திருகையும் எடுத்துவிடுங்கள். லக்கும் ராடும் சேர்ந்தே வெளியே வரும். பிறகு எண்ணெயில் ஊறப்போட்டு, லக்குக்குள் இருக்கும் நட்டை ஸ்பேனரில் பிடித்து நிதானமாகக் கழற்றலாம். ஷெல் மேல் எந்தப் பாரமும் விழாது.

அரைத்தாளம்:
அளந்தேன். 13 சுற்றளவு நடுவில் 1036 மி.மீ. விட்டங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜாயின்ட் இருக்கும் இடத்தில் மட்டும் விளிம்பு புடைத்திருக்கிறது, ஹெட் சிக்குவதும் அங்கேதான். எட்ஜ் சோதனையில் ஒரு தாள் கூடப் போகவில்லை. 16-ல் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் சத்தம் போகவில்லை. உற்றுப் பார்த்தால், மேல் ரீ-ரிங்குக்கும் ஷெல்லுக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்குத் தாள் வழுக்கிக்கொண்டு போகிறது.

லக்ஸ்பிரிங்:
அப்போது என் ஸ்பிரிங் கணக்கு தப்பு, ரிங்தான். பழைய பசை காய்ந்து விட்டுப்போயிருக்கிறது.

பழையஷெல்:
நல்ல செய்திதான், இது எளிதான வேலை. ஊதி, மெல்லிய தூரிகையால் இடுக்கில் உள்ள தூசியை எடுங்கள். மரப்பசையில் சில சொட்டுத் தண்ணீர் கலந்து, ஊசி போட்ட சிரிஞ்சால் இடைவெளி முழுக்க ஏற்றுங்கள். பசை உள்வரை போக, தாளையே உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். பிறகு உள்ளேயும் வெளியேயும் மரத்துண்டும் துணியும் வைத்து கிளாம்ப் போடுங்கள், ஒரு கையகல இடைவெளியில். வழிகிற பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள், சாம்பல் பூச்சின் மேல் காய்ந்தால் கறையாகும். 24 மணி நேரம் தொடாதீர்கள். கிளாம்பை எடுத்ததும் மறுபடி வெறும் ஷெல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உதிரிகளைப் பூட்ட வேண்டும். லக் திருகுகளை வாஷரோடு போடுங்கள், மரம் நசுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள்.

13-க்கு வருவோம். 1036 என்றால் விட்டம் 329.8 மி.மீ., ஹெட்டின் அளவுக்கு முட்டி நிற்கிறது. அதற்கு மேல் ஜாயின்டும் புடைத்தால் எப்படி இறங்கும்? ராப் ஏன் பெயர்கிறது தெரியுமா? செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கை வளையவைப்பது அதில் உள்ள கற்பூரம். அது வருடக்கணக்கில் ஆவியாகப் போகப் போக ராப் சுருங்கி, ஜாயின்டை இழுக்கிறது. கட்டைவிரலால் ராப்பைச் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் அது செல்லுலாய்டேதான், குப்பென்று தீப்பிடிக்கும் சாமான். ஹீட் கன், சிகரெட், அருகில் வெல்டிங், எதுவும் கூடாது. அசிட்டோனும் நகப்பூச்சு நீக்கியும் அதைக் கரைத்துவிடும், அவற்றால் துடைக்கவே துடைக்காதீர்கள்.

பெயர்ந்த மடிப்பை ஒடியாமல் மெல்லத் தூக்கி, உள்ளே பழைய பசைத் துகளைச் சுரண்டி எடுங்கள். இரண்டு பக்கமும் கான்டாக்ட் சிமென்ட் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள். மேலே மரப்பட்டை வைத்துக் கட்டுங்கள். காய்ந்த பிறகு ஜாயின்டின் மேல் விளிம்பில் மட்டும், மேலிருந்து 5, 6 மி.மீ. இறக்கம் வரை, மென்மையான அரத்தால் ராப்பைச் சரித்து விடுங்கள். ரிம் மூடிக்கொள்ளும், வெளியே தெரியாது. அப்படியும் பிடித்தால் ஹெட்டை மாற்றுங்கள், ஷெல்லை விட்டுவிடுங்கள். ஹெட் தயாரிக்கும் அக்வேரியனின் அமெரிக்கன் வின்டேஜ் வரிசை, இந்த மாதிரிப் பருமனான பழைய ஷெல்களுக்கென்றே கொஞ்சம் பெரிதாக வருகிறது.

மஞ்சளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: பிளாஸ்டிக் பாலிஷால் அழுக்குப் போகும், மஞ்சள் போகாது. அது பொருளுக்குள்ளேயே ஏறிய நிறம். தேய்த்துத் தேய்த்து முத்தை மங்கடிக்காதீர்கள்.

ரவுட்டர்கை:
சரி, வெட்ட வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். துருப்பிடித்த ராடுகளுக்கு ஒரு வழி: ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம், இரண்டு மணி நேரம். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய். எஃகு ராடுகளுக்கு மட்டும். லக்கைப் போட்டால் துத்தநாகத்தை அரித்து பிளேட்டிங் உரியும், லக்குக்கு சோப்புத் தண்ணீரே போதும். ரிம்மில் உள்ள புள்ளித் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள்.

மூன்றாம்வரிசை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதே மாதிரி ஒரு செட் விலைக்கு வருகிறது. நேரில் போனால் எதைப் பார்ப்பது?

பழையஷெல்:
டிரம் கீயும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். ஒரு ஹெட்டையாவது கழற்றிக் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். உள்ளே டார்ச் அடித்து ஓட்டைகளைப் பாருங்கள்: தொழிற்சாலை போட்ட ஓட்டையின் ஓரம் சீராக இருக்கும், பிறகு யாரோ துளைத்ததில் சிராய் பெயர்ந்து பூச்சில்லாத வெறும் மரம் தெரியும். எட்ஜிலும் அப்படி வெறும் மரம் தெரிந்தால் வெட்டியிருக்கிறார்கள். மூன்று ஷெல்லிலும் உட்பூச்சு ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். லுட்விக் 1968 வாக்கில் சாம்பலை விட்டுத் தெளிந்த பூச்சுக்கு மாறியது, கலந்து இருந்தால் வேறு வேறு செட்டிலிருந்து சேர்த்ததாக இருக்கலாம். 1960களின் ஷெல் பலவற்றில் உள்ளே தேதி முத்திரை இருக்கும். பேட்ஜின் வரிசை எண்ணைவிட அதை நம்புங்கள், எண்கள் வருட வரிசையில் ஒழுங்காகப் போகவில்லை. பழைய பிரீமியர் (பிரிட்டிஷ் பிராண்ட்) என்றால் இன்னும் கவனம் தேவை: 1960களின் பிற்பாதிக்கு முந்தையவற்றில் அளவே வேறு, சாதாரண ஹெட் ஏறாது. எல்லா ராடையும் ஒரு சுற்றாவது திருகிப் பாருங்கள். சோனார் (ஜெர்மன் பிராண்ட்) ராடின் மரை மெட்ரிக், அமெரிக்க செட்டுகளில் பெரும்பாலும் 12-24 (12 எண் பருமன், இன்ச்சுக்கு 24 மரை). காணாமல் போன ராடுக்கு ஏதோ ஒன்றைப் பிடிவாதமாக ஏற்றியிருந்தால் உள்ளே நட்டின் மரை போயிருக்கும், அந்த நட்டை மட்டும் தனியாக மாற்றலாம். வெடித்த லக்குக்கும் காணாமல் போன பாஸ் டிரம் மர வளையத்துக்கும்தான் அலைய வேண்டிவரும், விலை பேசும்போது அவற்றை முதலில் எண்ணுங்கள்.