மறு: ஸ்மார்ட் சாதனங்களுக்கு இரண்டாவது ரவுட்டர் – தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்மார்ட் சாதனத்தை வெளியாள் கைப்பற்றினாலும் கணினியைத் தொடாதபடி, வீட்டு வலையைப் பிரிக்க மாட்டும் இரண்டாவது ரவுட்டருக்கு (திசைவிக்கு) நம் உதவிக் குறிப்பில் என்ன பெயர் வைப்பது என்ற இழை நீண்டு போய்விட்டது. தனித்தனியாக எழுதாமல் எல்லா மடல்களுக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

> வீட்டில் ஏற்கெனவே ஒரு ரவுட்டர் இருக்கிறது. ஸ்மார்ட் பல்பு, கேமரா இவற்றுக்கென்று இன்னொன்று வாங்கி மாட்டுகிறோம். அதைத் ‘துணைத்திசைவி’ என்றால் போதாதா?

போதாது ஐயா. துணை என்றதும் படிப்பவர் மனதில் வருவது, மாடியறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று வாங்கி வைக்கிற பெட்டிதான். அது இருக்கிற வலையை நீட்டும். நாம் பேசிக்கொண்டிருப்பதோ வலையை இரண்டாக வெட்டும் பெட்டி. நேரெதிரான இரண்டு வேலைகளுக்கு ஒரே பெயரைக் கொடுத்தால், உதவிக் குறிப்பைப் படித்தவர் கடையில் போய் நீட்டிப்பானை வாங்கிக்கொண்டு வருவார். கேமராவும் மடிக்கணினியும் பழையபடி ஒரே வலையில்தான் இருக்கும்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படும் சிக்கல் வேறு. “ஸ்மார்ட் சாதனங்களுக்கான இரண்டாவது ரவுட்டர்” என்ற தொடரே ஆளைத் தவறான இடத்தில் கம்பியைச் செருக வைக்கிறது. பெயரை முடிவு செய்வதற்கு முன் அதைப் பார்த்துவிடுவோம்.

நம் வீடுகளில் ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியே ஒரு ரவுட்டர்தான். (பலர் அதை மோடம் என்பார்கள், அது இருக்கட்டும்.) அது வீட்டுக்குள் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வாங்கிய ரவுட்டரின் ‘வான்’ (WAN, வெளி இணைப்புக்கான) துளையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துப் பழைய பெட்டியில் செருகுகிறோம். புதியது தன் பங்குக்கு 192.168.2 வரிசையில் முகவரி கொடுக்கிறது. இரண்டும் ஒரே வரிசையைக் கொடுத்தால் புதிய பெட்டிக்கு உள்ளே எது, வெளியே எது என்று தெரியாமல் போய்விடும், அதனால் இந்த எண்ணைக் கட்டாயம் மாற்ற வேண்டும். இப்போது பல்பையும் கேமராவையும் எதில் சேர்ப்பது? “சாதனங்களுக்கென்று வாங்கியதுதானே” என்று புதியதில் சேர்ப்பார்கள். மடிக்கணினி பழையதிலேயே இருந்துவிடும்.

அதுதான் தலைகீழ். ரவுட்டர் உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புகளைத் தடுக்காது. வெளியிலிருந்து கேட்காமல் வருபவற்றைத்தான் தடுக்கும். புதிய ரவுட்டரைப் பொறுத்தவரை பழைய பெட்டியின் வலையும் ‘வெளி’தான். ஆகவே உள்ளே இருக்கும் கேமரா 192.168.1.20 என்ற முகவரியில் இருக்கும் உங்கள் மடிக்கணினியைத் தட்டிப் பார்க்க நினைத்தால், புதிய ரவுட்டர் அந்தக் கோரிக்கையைத் தன் பெயரில் மரியாதையாக அனுப்பி வைக்கும். மாறாக மடிக்கணினியால் கேமராவைத் தொட முடியாது. நாம் காசு கொடுத்துக் கேமராவைப் பாதுகாத்திருக்கிறோம்!

சரியான வைப்புமுறை இதற்கு எதிர். சாதனங்கள் பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். மடிக்கணினி, கைப்பேசி, கணக்கு வழக்குகள் இருக்கும் வட்டு எல்லாம் புதியதற்குப் பின்னால் போகட்டும். இதில் சொல்லாமல் கிடைக்கும் வசதி ஒன்றும் உண்டு. பல்புகளுக்குப் பழைய வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கெனவே தெரியும். ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் போட்டு மறுபடி இணைக்கும் வேலை மிச்சம். இடம் மாற வேண்டியவை நாம் கையால் தட்டச்சு செய்யக்கூடிய கருவிகள் மட்டுமே. அப்புறம், பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். பழைய பெட்டிக்கு அது தாராளம்.

ஆக, இரண்டாவது ரவுட்டர் சாதனங்களுக்கு இல்லை, நமக்கு. ‘சாதனத் திசைவி’, ‘பொருள் திசைவி’, ‘திறன்மனைத் திசைவி’ என்று இழையில் வந்த முன்மொழிவுகள் எல்லாவற்றின் மீதும் எனக்கு இருக்கும் மறுப்பு இது ஒன்றுதான். சொல்லாக்கத்தில் குறையில்லை. ‘திறன்மனை’ அழகாகவே இருக்கிறது, ஸ்மார்ட் வீட்டுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரவுட்டரோடு ஒட்டினால் புதிதாக வாங்கும் பெட்டியின் மேல் அந்தப் பெயர் போய் உட்கார்ந்துவிடும்.

> ‘தனிமைத் திசைவி’ என்றால் நோக்கம் விளங்கிவிடுமே?

நோக்கம் விளங்கும், இடம் விளங்காது. தனிமையில் வைக்கப்பட்டது எது, மடிக்கணினியா கேமராவா? தவிர 2020-க்குப் பிறகு தனிமைப்படுத்தல் என்றாலே வீட்டு வாசலில் ஒட்டிய அறிவிப்புதான் நினைவுக்கு வருகிறது.

> ‘திண்ணை வலை’ என்று ஒரு நண்பர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வழிப்போக்கர் உட்காரலாம், உள்ளே வர முடியாது.

எனக்கும் பிடித்தது. கற்பனை கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதையும் மறுக்கவில்லை. சாதனங்கள் இருக்கும் வலை வீட்டுக்கு வெளிப்பக்கம்தான் இருக்கிறது. இரண்டு காரணங்களால் வேண்டாம் என்கிறேன். அம்மையார் ஒருவர் தன் மடலில் கேட்டது முதல் காரணம்: திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததா? ஊரில் யார் திண்ணை ஏறலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று இருந்ததை மறந்துவிட்டு, அதை விருந்தோம்பலின் சின்னமாகக் கலைச்சொல்லில் பதித்து வைப்பது எனக்கு உறுத்துகிறது. இரண்டாவது சின்னக் காரணம், இணையத்தில் திண்ணை என்றால் அரட்டை என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். விருந்தினருக்கென்று ரவுட்டரிலேயே வரும் தனி வலைக்கு ‘விருந்தினர் வலை’ என்பதே போதும், எல்லோருக்கும் புரிகிறது.

இனி என் முன்மொழிவு: புதிய பெட்டி அகத்திசைவி, பழைய பெட்டி புறத்திசைவி. ஒரு பெட்டிக்கு மட்டும் பெயர் தேடாமல் இரண்டுக்கும் சேர்த்துத் தேடினால் இதுதான் முதலில் வந்து நிற்கிறது. அகமும் புறமும் ஜோடியாகவே தமிழ்க் காதுக்குப் பழக்கம். “சாதனங்களைப் புறத்திசைவியில் சேருங்கள், உங்கள் கணினியை அகத்திசைவியில் சேருங்கள்” என்று ஒரு வரி எழுதினால் எதற்குப் பின்னால் எது என்பதும் அந்த வரியிலேயே இருக்கிறது. எது முதலில் வாங்கியது, எது விலை கூடியது என்பதெல்லாம் தேவையே இல்லை.

> புறத்திசைவி என்பதைப் ‘புறத்திசை + வி’ என்று பிரித்துப் படிக்க மாட்டார்களா?

முதல் தடவை படிப்பார்கள்தான். இடைவெளி விட்டுப் ‘புறத் திசைவி’ என்று எழுதினால் தீரும். வழிச்செலுத்தி, வழிப்படுத்தி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் திசைவி என்பது தமிழ் விக்கிப்பீடியா வரை புழங்கிவிட்ட சொல். அதைக் கலைக்க வேண்டாம். (பழந்தமிழில் ‘திசைத்தல்’ என்றால் திகைத்தல், மயங்குதல் என்று பொருள். மின்சாரம் போய் வந்ததும் எல்லா விளக்கையும் சிமிட்டிக்கொண்டு நிற்கிற பெட்டிக்கு அதுவும் பொருத்தம்தான்.)

> இலங்கையில் பிள்ளைகள் ‘வலையமைப்பு’ என்று படிக்கிறார்கள். நீங்கள் ‘அகவலை’, ‘புறவலை’ என்று சுருக்கினால் இணையதளம் சார்ந்த ஏதோவொன்று என்று எண்ண மாட்டார்களா?

நியாயமான கேள்வி. நம் பக்கம் பிணையம் என்கிறோம், வலைப்பின்னல் என்கிறோம், வலை என்றும் சொல்லிவிடுகிறோம். ஒரு ஒழுங்கே இல்லை. முதலில் வரும் இடத்தில் ‘அக வலையமைப்பு’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு அகவலை என்று சுருக்கலாம். அலுவலக இன்ட்ராநெட்டுக்கு (அலுவலகத்துக்குள் மட்டும் இயங்கும் வலைக்கு) இதே போன்ற சொல் இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வீட்டு ரவுட்டர் குறிப்பைப் படிப்பவருக்கு அந்தக் குழப்பம் வராது. இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கப் போவதில்லை.

> மூன்று ரவுட்டர் வைக்கும் முறையில் உங்கள் ஜோடி உடைந்துவிடுமே?

உடையும். இழையில் இதைவிடக் கூர்மையான மறுப்பு வரவில்லை. இரண்டு பெட்டி முறையில் ஒரு ஓட்டை உண்டு. அகத்திசைவியின் வெளிக்கம்பியும் சாதனங்களும் ஒரே வலையில் இருக்கின்றன. வெளியாள் கைப்பற்றிய ஒரு கேமரா “நான்தான் ரவுட்டர்” என்று பொய் சொல்லி, அகத்திசைவியிலிருந்து போகும் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்ப முடியும். இன்று பெரும்பாலானவை மறையாக்கப்பட்டே போவதால் உள்ளடக்கம் தெரியாது, ஆனால் எங்கே போகிறீர்கள் என்பது ஓரளவு தெரியும். இதை அடைக்கத்தான் மேலே ஒன்று, அதன் கீழே கிளைக்கு ஒன்றாக இரண்டு என்று வைப்பது. அப்போது சாதனங்களும் தங்களுக்கென்று ஒரு திசைவிக்குப் பின்னால் போய்விடும். இரு கிளைகளும் ஒன்றையொன்று தொட முடியாது. அங்கே புறம் என்று சாதனப் பக்கத்தைச் சொல்வது சரியில்லை, இரண்டுமே அகம்தான். மேலே இருப்பதை ‘வாயில் திசைவி’ என்று சொல்லிவிட்டு, கீழே உள்ளவற்றைக் கிளைத்திசைவிகள் எனலாம். இதையெல்லாம் செய்கிறவர் எப்படியும் ஒரே பெட்டியில் விலான் (VLAN, ஒரே பெட்டிக்குள் வகுக்கும் தனித்தனி வலைகள்) பிரித்துக்கொள்வார் என்பதால் நான் அதிகம் கவலைப்படவில்லை. ஒரு இணைப்பில் 4094 விலான் வரை எண் கொடுக்கலாம், வீட்டுக்கு இரண்டு போதும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டவருக்கு ஒரு வார்த்தை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் காணொளிப் பதிவுப் பெட்டிகளையும் பிடித்துக்கொண்டது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய பயனர்பெயர், கடவுச்சொல் பட்டியலை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த அக்டோபர் 21 அன்று டைன் என்ற களப்பெயர்ச் சேவை (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் DNS சேவை) நிறுவனத்தை அந்தக் கருவிகளை வைத்தே தாக்கியதில் ட்விட்டர் உட்படப் பல தளங்கள் திறக்கவில்லை. கேமரா வெளியாள் கைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டுதான் வலையைப் பிரிக்கிறோம். ஆகவே குறிப்பில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: புறத்திசைவியின் நிர்வாகப் பக்கத்துக்குக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். சாதனங்களால் அந்தப் பக்கத்தை எட்ட முடியும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லோடு விட்டால் பிரித்ததில் பாதிப் பயன் போய்விடும்.

கடைசியாக, பிரிண்டரும் டிவியும் எந்தப் பக்கம் என்ற கேள்வி. இரண்டையும் புறவலையில் வையுங்கள். அகத்திலிருந்து புறத்துக்குப் போகத் தடையில்லை என்பதால் பிரிண்டரின் முகவரியைக் கையால் கொடுத்தால் அச்சடிக்கலாம். தானாகக் கண்டுபிடிப்பதுதான் நடக்காது, அதற்காகக் கருவிகள் வலை முழுக்க விடுக்கும் அழைப்பு ரவுட்டரைத் தாண்டாது. கைப்பேசியிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு மட்டும் கைப்பேசியைப் புறவலைக்கு மாற்றிக்கொள்வதுதான் எளிது. புதுப் பல்பை முதன்முதலில் இணைக்கும்போதும் அப்படியே.

குறிப்பின் வரைவில் இப்போதைக்கு அகத்திசைவி, புறத்திசைவி, விருந்தினர் வலை, வாயில் திசைவி என்ற நான்கையும் போட்டு வைக்கிறேன். இடைவெளி விடுவதா சேர்த்து எழுதுவதா என்பதில் இலக்கணம் அறிந்தவர்கள் யாராவது சொன்னால் அதன்படி மாற்றிவிடலாம்.

அன்புடன்