மறு: மீன்தொட்டி 'சைக்கிளிங்': தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம். புதுத் தொட்டியில் மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் பாக்டீரியாவை வளர்த்தெடுப்பதைத்தான் 'சைக்கிளிங்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும் வந்த பரிந்துரைகள் பற்றி எழுதுகிறேன்.

> நைட்ரஜன் சுழற்சி என்று பாடநூலிலேயே இருக்கிறது. அதையொட்டி 'தொட்டிச் சுழற்சி' என்று வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, பாடநூலுக்கு அது பொருந்தும். முதன்முதலாக மீன் வாங்கப் போகிறவருக்கு 'தொட்டிச் சுழற்சி' என்றால், பம்பைப் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிட்டால் போதும் என்றுதான் படும். ஒரு வாரம் வெறும் தண்ணீர் ஓடும். பாக்டீரியாவுக்குத் தீனியே இருக்காது. பிறகு கைநிறைய நியான் டெட்ரா மீன்களை வாங்கித் தொட்டியில் விடுவார். ஏன் சாகிறது என்றே தெரியாமல் ஒவ்வொன்றாக மிதக்கும்.

இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் அக்கா வீட்டில் அண்மையில் நடந்தது இது. தண்ணீரில் துளிக் கலங்கல் இல்லை. ஆனால் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. செவுள் மூடி படபடவென்று அடித்தது. கடையில் நோய் என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள். அம்மோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சில நிமிடத்தில் கரும்பச்சைக்குப் போய்விட்டது. விசாரித்தால், வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிசைந்து கழுவியிருக்கிறார்கள். குடியேறத் தொடங்கிய பாக்டீரியா குழாய்த் தண்ணீரோடு போயிற்று.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதலிரண்டும் நஞ்சு. நைட்ரைட் ஏறினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மீன் திணறும். நைட்ரேட்டைத் தண்ணீர் மாற்றியே சமாளிக்கலாம். இந்தப் பாக்டீரியா பஞ்சிலும் சரளையிலும் நிலைகொள்ளப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

புதுத் தோசைக்கல்லை வாங்கியதும் மாவு ஊற்றுவதில்லை, பழக்கிவிட்டுத்தான் ஊற்றுகிறோம். ஆகவே நான் முன்வைப்பது 'தொட்டி பழக்குதல்'. காலம் பிடிக்கும் வேலை என்பது சொல்லிலேயே இருக்கிறது. கிளைச்சொற்களும் தாமாக வருகின்றன: பழக்கிய தொட்டி, பழக்காத தொட்டி, அம்மோனியா சொட்டுவிட்டு 'மீனின்றிப் பழக்குதல்'.

> நியூ டேங்க் சிண்ட்ரோம் – புதுத்தொட்டி நோய்க்குறி

பழக்காத தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி மீன் திணறுவதற்கு வைத்த பெயர் இது. இதை வன்மையாக மறுக்கிறேன். 'நோய்' என்று எழுதினால் படிப்பவர் மருந்தைத்தான் தேடுவார். கிருமிக்கொல்லி மருந்து சில, நாம் வளர்க்கப் பாடுபடும் அதே பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். 'புதுத்தொட்டி நஞ்சேற்றம்' என்றால் தண்ணீரை மாற்ற வேண்டும், தீனியைக் குறைக்க வேண்டும் என்று உடனே புரியும். நம் வீடுகளில் தொட்டி நீர் பெரும்பாலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். வெப்பமும் காரத்தன்மையும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சும் கூடும் என்பதால் இங்கே தாமதிக்கவே இடமில்லை.

அடுத்து, கடைகளில் 'ஆண்டி-குளோரின்' என்று கேட்டு வாங்குகிறோமே, அது. பட்டியலில் 'குளோரின் நீக்கி' என்றிருக்கிறது. ஊரில் வாளித் தண்ணீரை ஓரிரவு வைத்துவிட்டு ஊற்றிப் பழகியவர்கள் இங்கேயும் அதையே செய்கிறார்கள். குளோரின் அப்படிப் பறந்துவிடும். ஆனால் இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின், ஓரிரவில் போகாது. அதனால் 'குளோரமின் முறிப்பான்' என்று திருத்தலாம். குளோரினை மட்டும் முறிக்கும் தயோசல்பேட் உப்பை வெறுமனே சேர்த்தால் குளோரின் அடங்கும், அம்மோனியா மிஞ்சும். பழக்காத தொட்டிக்கு அதுவும் ஆபத்து என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

'பயோலோட்', அதாவது தொட்டியிலுள்ள உயிர்கள் உண்டாக்கும் கழிவின் அளவு, இன்னும் பாக்கி. 'உயிர்ச்சுமை' என்பது மீனின் எடையைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. 'கழிவுச்சுமை' சரிப்படுமா? சிராங்கூன் நார்த் மீன்கடைப் பக்கம் போய்வருகிறவர்கள், அங்கே நம்மவர்கள் வாயில் என்ன சொல் புழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
செங்காங்கிலிருந்து